அம்மாவின் நாடியும் முருங்கைக்கீரையும்

வெள்ளகோவிலில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன். சத்தத்தை வைத்தே எந்தத் தறி மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவேன். அம்மாவின் மணிக்கட்டில் விரல் வைத்த அன்றும் அப்படித்தான் பிடிபட்டது. ரெண்டு அடி வேகமாக, ஒன்று தாமதமாக, அடுத்தது வந்ததா என்றே தெரியவில்லை. "படி ஏறுனா மூச்சு வாங்குதுங் கண்ணு, வயசாச்சில்ல" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயசு இல்லை. ஈசிஜி எடுத்ததும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள்.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். ரத்தம் தேங்கி அங்கே கட்டியாகும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். மற்றவர்களைவிட சுமார் 5 மடங்கு ஆபத்து. அதனால் துடிப்பை அடக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. படபடப்பு நின்றதும் ரெண்டாவதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து விடாதீர்கள். படபடப்பு இல்லாத நாளிலும் கட்டி உண்டாகும்.

நாடி பார்க்க 5 நிமிடம் சும்மா உட்கார வையுங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் இந்த நோயில் கணக்குத் தப்பும். ஓய்வில் இருக்கும்போதே 110-க்கு மேல் நிற்கிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். மயக்கம், நெஞ்சுவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரி. பிபி மெஷினும் தடுமாறும். மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள்.

அம்மாவுக்குச் சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது. அதனால் ரத்தம் உறையாமல் இருக்கப் புதிதாக வந்த மாத்திரைகளைக் கொடுக்கவில்லை, அசிட்ரோம் என்ற பழைய மாத்திரைதான். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு ஐஎன்ஆர். அது 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இங்கேதான் முருங்கைக்கீரை வருகிறது. கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். "கீரையே ஆகாது" என்று யாரோ சொல்ல, அம்மா மாதக்கணக்கில் தொடவில்லை. அப்புறம் மூலனூர்ப் பக்கம் சித்தி வீட்டுக்குப் போனார். தோட்டமெல்லாம் முருங்கை. ஒரு வாரம் தினமும் பொரியல். வந்து பார்த்தால் ஐஎன்ஆர் 1.4.

"கீரையை நிறுத்தவும் வேண்டாம், கொட்டிக் குமிக்கவும் வேண்டாம். வாராவாரம் ஒரே அளவு சாப்பிடட்டும்" என்றார் டாக்டர். இப்போது செவ்வாயும் வெள்ளியும், ஒரு கரண்டி. வெளியூர் போனாலும் அதே கரண்டிக் கணக்குதான், சித்தி கோபித்துக்கொண்டாலும்.

முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள், வயிற்றில் ரத்தம் கசியும். மலம் கறுப்பாகப் போனால் அன்றே காட்டுங்கள். ஊசி போடும் இடத்தில், பல் பிடுங்கும் இடத்தில் மாத்திரையைச் சொல்லிவிடுங்கள். அசிட்ரோம் ஒரு வேளை மறந்தால் அன்றைக்குள் போடலாம். மறுநாள் ரெண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது.

வாய் கோணினால், ஒரு பக்கம் கை தொங்கினால், பேச்சுக் குழறினால் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். மாத்திரை நோட்டும் கூடவே போகட்டும். கடைசி மாத்திரை எப்போது, கடைசி ஐஎன்ஆர் எவ்வளவு என்று அங்கே கேட்பார்கள். எங்கள் வீட்டில் அந்த நோட்டு வாசல் நிலைக்குப் பக்கத்து ஆணியில், பாவு நூலில் கட்டிய பேனாவோடு தொங்குகிறது.