சேனல் மாத்தும்போது வர்ற அந்த "டொப்": ட்யூப் ஆம்ப் கட்டுறவங்க பண்ற தப்புகள்

சொந்தமா ட்யூப் கிட்டார் ஆம்ப் கட்டி, ரிலே (காயில்ல கரண்ட் போனா காந்தமாகி காண்டாக்ட்ட மாத்துற ஸ்விட்ச்) போட்டு க்ளீன், லீட்னு ரெண்டு சேனல் வச்சு, டோன் எல்லாம் அருமையா வந்து, கடைசில ஃபுட்ஸ்விட்ச்ச மிதிச்சா ஸ்பீக்கர்ல டொப்புன்னு ஒரு அடி. உடனே முக்காவாசி பேர் என்ன பண்றாங்கன்னா, ரிலே காயில் குறுக்க ஒரு பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர போட்டுடறாங்க. நானும் போட்டேன், 100 மைக்ரோ ஃபாரட். சத்தம் குறையல, கூடிடுச்சு. காலி கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகுற அந்த நொடில இழுக்குற கரண்ட், காயில் இழுக்குறத விட பல மடங்கு, அதுவும் ஆடியோ போற அதே கிரவுண்ட் வயர் வழியா திரும்பினா சத்தம் வராம என்ன பண்ணும்.

முதல் தப்பு இதுதான்: எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு பாக்காமலே பார்ட்ஸ் மாத்துறது. டொப் ஒண்ணு காண்டாக்ட் வழியா வரும், இல்ல காயில் வழியா வரும். பிரிச்சுப் பாக்குறது சுலபம். ஆம்ப ஆஃப் பண்ணி ஃபில்டர் கெப்பாசிட்டர ரெசிஸ்டர் வச்சு டிஸ்சார்ஜ் பண்ணி மீட்டர்ல உறுதி பண்ணிக்கோங்க (300, 400 வோல்ட் சமாச்சாரம், இதுல மட்டும் அவசரம் கூடாது). காண்டாக்ட்டுக்கு வர்ற சிக்னல் வயர கழட்டிட்டு, ஒரு சேனல ஜம்பர் போட்டு நேரா இணைச்சு, ஸ்பீக்கர் லோட் இருக்கான்னு பாத்துட்டு ஆன் பண்ணி ரிலேவ மட்டும் அடிச்சுப் பாருங்க. இப்பவும் டொப் வந்தா காயில், சப்ளை, கிரவுண்ட் பக்கம். வரலன்னா காண்டாக்ட்ல டிசி நிக்குது.

பெரும்பாலும் காண்டாக்ட்தான். கப்ளிங் கெப்பாசிட்டரோட (ஒரு ட்யூப்லேருந்து அடுத்ததுக்கு சிக்னல மட்டும் விடுறது) ஒரு கால் ப்ளேட்ல, அதாவது ட்யூபோட அவுட்புட் கால்ல, 200 வோல்ட்ல இருக்கு, இன்னொரு கால் ரிலேவுக்குப் போகுது, சேனல் ஆஃப்ல இருக்கும்போது அந்தக் கால் எங்கயும் சேராம அந்தரத்துல தொங்குது. எவ்ளோ நல்ல கெப்பாசிட்டரா இருந்தாலும் கொஞ்சூண்டு லீக்கேஜ் இருக்கும், அது மெதுவா அந்தக் கால்ல வோல்டேஜ ஏத்தும், நீங்க மிதிச்ச உடனே அவ்ளோவும் அடுத்த ட்யூபோட கிரிட்ல (சிக்னல் உள்ள போற கால்) போய் விழும். இதுக்கு அடையாளம்: கொஞ்ச நேரம் சும்மா விட்டு மிதிச்சா டொப், உடனே திரும்பத் திரும்ப மிதிச்சா சத்தமே இல்ல. அந்தக் கால்லேருந்து கிரவுண்டுக்கு நிரந்தரமா ஒரு 1 மெகா ஓம்லேருந்து 4.7 மெகா ஓம் வரைக்கும் ஒரு ரெசிஸ்டர் போட்டா போதும், பத்துல எட்டு தடவ இதோட முடிஞ்சிடும்.

இங்க ஒரு வேடிக்கை இருக்கு. மீட்டர அந்தப் புள்ளில வச்சா டொப் காணாம போயிடும், எடுத்தா திரும்ப வந்துடும். பலர் மண்டைய பிச்சுக்குவாங்க. சாதாரண டிஜிட்டல் மீட்டர் உள்ள 10 மெகா ஓம் இருக்கு, அதுவே அந்த ரெசிஸ்டர் வேலைய பாத்துடுது. மீட்டர் வச்சா சரியாகுதுன்னா உங்களுக்கு பதில் கிடைச்சாச்சு.

ரெசிஸ்டர் போட்டும் போகலன்னா கெப்பாசிட்டரே லீக். கிரிட் பக்க கால தூக்கிட்டு, அதுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல மீட்டர் வைங்க, ஆன் பண்ணதும் எகிறிட்டு பூஜ்யத்துக்கு இறங்கணும். 1 வோல்ட்லயே நின்னுடுச்சுன்னா மீட்டரோட 10 மெகா ஓம் வழியா 0.1 மைக்ரோ ஆம்பியர் கசியுதுன்னு அர்த்தம், தூக்கிப் போடுங்க.

அப்புறம் கிரிட். ரிலே ஒரு காண்டாக்ட விட்டு இன்னொண்ண தொடுற அந்த ஒரு சில மில்லி செகண்ட் கிரிட் எதோடயும் இணைப்பு இல்லாம இருக்கும், அதனால கிரிட் லீக் ரெசிஸ்டர் (கிரிட்லேருந்து கிரவுண்டுக்குப் போறது) ரிலேவுக்கு முன்னாடி இல்லாம ட்யூப் சாக்கெட் பக்கத்துலயே இருக்கணும்.

கேத்தோடு (ட்யூப்ல எலக்ட்ரான் கிளம்புற கால்) பைபாஸ் கெப்பாசிட்டர ஸ்விட்ச் பண்ணி கெய்ன் ஏத்துறவங்களுக்கு தனி தலைவலி. 12ஏஎக்ஸ்7 கேத்தோடுல 1, 2 வோல்ட்தான் இருக்கும், ஆனா காலி 22 மைக்ரோ ஃபாரட்ட திடீர்னு சேத்தா கேத்தோடு ஒரு கணம் பூஜ்யத்துக்கு விழுந்து ப்ளேட் குதிக்கும். கெப்பாசிட்டரோட கிரவுண்ட் பக்கத்துல ஸ்விட்ச்ச வச்சு, ஸ்விட்ச் குறுக்க ஒரு 100 கே போடுங்க. கெப்பாசிட்டர் எப்பவும் சார்ஜ்லயே இருக்கும், கெய்ன்ல வித்தியாசம் தெரியாது.

காயில் பக்கம்னா முதல்ல குறுக்க ஒரு டயோடு இருக்கான்னு பாருங்க, 1என்4007 போதும், திசை மாத்தி போட்டா சப்ளை ஷார்ட். அடுத்து சப்ளை எங்கேருந்து எடுக்குறீங்க? ட்யூப சூடாக்குற 6.3 வோல்ட் ஹீட்டர் வைண்டிங்ல பிரிட்ஜ் (ஏசிய டிசியாக்குற நாலு டயோடு) போட்டு அதோட மைனஸ சேஸிஸ்ல (ஆம்போட உலோகப் பெட்டி) கட்டுறது ரொம்ப பேர் பண்ற தப்பு. ஹீட்டர் சென்டர் டேப் (வைண்டிங்கோட நடு வயர்) ஏற்கனவே கிரவுண்ட்ல இருந்தா பாதி வைண்டிங் டயோடு வழியா ஷார்ட் ஆகி எரியும், ரெண்டு 100 ஓம் ரெசிஸ்டர் வச்சு கிரவுண்ட் பண்ணிருந்தா எரியாது ஆனா ஹம் வரும். ரிலே சப்ளைய எதோடயும் சேக்காம தனியா மிதக்க விடுங்க. ஒண்ணு மறந்துடாதீங்க, ஃபுட்ஸ்விட்ச் ஜாக் மெட்டல்ல இருந்தா அதுவே சேஸிஸ்ல கிரவுண்ட் ஆகிடும், பிளாஸ்டிக் ஜாக் போடணும். காயில் வயர கிரிட் வயரோட சேத்துக் கட்டாதீங்க.

காண்டாக்ட் குறுக்க 0.1 மைக்ரோ ஃபாரட் போடுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, மோட்டார், பல்புக்கு சரி, இங்க போட்டா ஆஃப் சேனலோட சிக்னலே அது வழியா கசிஞ்சு வரும். ரிலேவே வேணாம்னா எல்டிஆர் (வெளிச்சம் பட்டா ரெசிஸ்டன்ஸ் மாறுற பார்ட்) வச்ச ஆப்டோ நல்ல வழி, மெதுவா மாறுறதால காண்டாக்ட் துள்ளுற பிரச்சனையே இல்ல, ஆனா அதுவும் டிசி மேல உக்காந்தா ஒரு "தும்" வரத்தான் செய்யும்.

லீட் சேனலுக்குப் போன உடனே ஸ்ஸ்ஸ்னு ஆரம்பிக்குறத டொப்புன்னு நினைச்சு ரிலேவ நோண்டிட்டு இருக்காதீங்க, அது ஹிஸ், கெய்ன் ஜாஸ்தி ஆனா வரும். மிதிச்சுட்டு ரெண்டு செகண்ட் கேளுங்க, நிக்காம வந்துட்டே இருந்தா அது வேற கேஸ்.