தோளில் விழுந்த வரிகளும் குளியலறை விளக்கும்

ஜிம்முக்குப் போக ஆரம்பித்த ஐந்தாவது மாதம், இரண்டு அக்குளுக்கும் மேலே ஊதா நிறத்தில் வரிவரியாகக் கோடுகள். பை வார் அழுத்திய தடம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு வாரமாகியும் போகவில்லை. லேசான அரிப்பு வேறு.

அப்புறம் வழக்கமான கூத்து. எண்ணெய், க்ரீம், பிறகு ஸ்க்ரப். தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிந்ததுதான் மிச்சம். தினமும் போனில் படம் எடுத்து ஒப்பிடுவது தனி வேலை. தோல் மருத்துவர் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: இது ஸ்ட்ரெட்ச் மார்க், தோல் வேகமாக இழுபட்டதால் விழுந்த கோடு. கிழிந்திருப்பது தோலின் நடு அடுக்கில் உள்ள கொலாஜன், எலாஸ்டின் என்ற நார்கள், மேலே தடவும் எண்ணெய் அதை ஒட்டவைக்காது. ஊதா நிறம் தானாக மங்கி வெளுக்கும், கோடு முழுசாக மறையாது.

விஷயம் பிடிபட்டது அந்தப் படங்களில்தான். திங்களன்று பயங்கரமாகத் தெரிந்த கோடு செவ்வாயன்று காணோம், புதனன்று மறுபடி ஆஜர். திங்களும் புதனும் குளியலறையில் எடுத்தவை. விளக்கு தலைக்கு மேலே. இந்தக் கோடுகள் லேசான பள்ளங்கள். வெளிச்சம் சாய்வாக விழுந்தால் ஒவ்வொன்றிலும் நிழல் கட்டுகிறது. ஜன்னலுக்கு நேராக நின்றால் பள்ளமே தெரியவில்லை. அந்த விளக்கடியில் நின்று என் தோளைப் பார்க்கிற ஒரே ஆள் நான்தான்.

படங்களை அழித்தேன். கையில்லாத பனியனை ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பழகி, பிறகு ஜிம்முக்கும் போட்டுப் போனேன். கூடப் பயிற்சி செய்கிறவர் கண்ணில் பட்டது. "எனக்கும் இருக்கு" என்று தோளைத் திருப்பிக் காட்டிவிட்டு டம்பெல்லைத் தூக்கப் போய்விட்டார்.

இப்போது வரிகள் வெளுத்துவிட்டன. வெயிலில் மற்ற தோல் கறுத்தாலும் இவை அந்த அளவுக்குக் கறுப்பதில்லை, அதனால் கொஞ்சம் எடுப்பாகவே தெரிகின்றன. தெரியட்டும்.