வீடர், பிரஷ் கட்டர்: எந்தப் பாகத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்?

எங்கள் தோட்டத்துச் சாளையில் ஒரு பழைய டீசல் டிரம் இருக்கிறது. செத்துப்போன பாகங்களை அதில்தான் போட்டு வைப்பேன். பல் உடைந்த கியர், இரண்டு பிஸ்டன், ஐந்தாறு கார்புரேட்டர், கணக்கில்லாத பேரிங். வருசத்துக்கு ஒரு தடவை பழைய இரும்புக்காரர் வந்து எடை போடும்போது, எதை எத்தனை ரூபாய்க்கு வாங்கினோம் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து வயிறு எரியும். உள்நாட்டுச் சரக்கா இறக்குமதியா, எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்று நான் சொல்லப்போவதெல்லாம் அந்த டிரம்மில் படித்த பாடம்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் எனக்கு நாலு ஏக்கர். மஞ்சள், வாழை, வாய்க்காலில் தண்ணீர் விட்டால் கொஞ்சம் நெல். 2017-ல் களைக்கு ஆள் கிடைக்காமல் பவர் வீடர், அதாவது களையெடுக்கும் மிஷின், வாங்கப் போனேன். கோவையில் செய்த மிஷின் ஒன்றுக்கு 85,000 ரூபாய் சொன்னார்கள். இரண்டு கடை தள்ளி, சீனாவிலிருந்து வந்த ஒன்று 38,000. அதே 7 எச்பி ஸ்டிக்கர், அதே உயரம், பெயிண்ட் இன்னும் பளபளப்பு. எதை வாங்கியிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வருசம் குறையில்லாமல் ஓடியது. மூன்றாவது வருசம் மஞ்சளுக்கு மண் அணைக்கிற நேரத்தில் கியர்பாக்ஸுக்குள் ஒரு பல் உடைந்தது. விற்ற கடையில் கேட்டால், "அந்த மாடல் இப்ப வர்றதில்லீங்களே" என்றார்கள். வேறு மாடலின் கியர் ஒன்று கொடுத்தார்கள். பல் எண்ணிக்கை சரி, நடுத்துளை சேரவில்லை. கடைசியில் கோவை கணபதியில் ஒரு பட்டறையில் உடைந்த கியரை மாதிரிக்குக் கொடுத்துப் புதிதாக வெட்டி வாங்கினேன். 4,200 ரூபாய், பதினொரு நாள். களை பதினொரு நாள் காத்திருக்குமா? பத்துப் பெண்களை நாலு நாள் வைத்துக் கொத்தியதில் 14,000 போனது.

இதைக் கேட்டதும் "அப்போ நம்ம ஊர் மிஷினே மேல்" என்பார்கள். அவசரப்படாதீர்கள். கியர் 4,200, கூலி 14,000, பின்னால் சொல்லப்போகும் பேரிங் கூத்தில் மூவாயிரம். மொத்தம் 21,200. இரண்டு மிஷினுக்கும் விலை வித்தியாசம் 47,000. காசுக் கணக்கில் எனக்கு இன்னும் லாபம்தான். காரணம், நான் வருசத்துக்கு அறுபது மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. என் மச்சான் மகன் வீடரை வாடகைக்கு விடுகிறான். வருசத்துக்கு நானூறு மணி நேரம் ஓடும். அவனுக்குப் பதினொரு நாள் மிஷின் நின்றால் அந்த சீசன் வாடிக்கையே வேறு ஆளிடம் போய்விடும். அவன் கோவை மிஷின்தான் வைத்திருக்கிறான். அதுதான் சரியும்கூட. ஆகவே முதல் வேலை, வருசத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டப்போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆசையை எழுதாதீர்கள், போன வருசம் நடந்ததை எழுதுங்கள்.

இன்ஜின் நம்பரைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

உள்நாட்டு மிஷின் என்று சொல்லி விற்பதிலும் பலவற்றில் இன்ஜின் இறக்குமதிதான். வெளியே நம் ஊர்ப் பெயர் ஒட்டியிருக்கும், பிளாக்கில் 170F என்று அடித்திருக்கும். இந்த எண் புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. முதல் 1 என்றால் ஒரு சிலிண்டர். 70 என்பது போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், மில்லிமீட்டரில். F என்றால் காற்றால் குளிர்வது. 168F என்றால் 68 மில்லிமீட்டர், 186F டீசல் என்றால் 86. பெயிண்ட் என்ன நிறமாக இருந்தாலும், யார் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும், ஸ்பேர் கடையில் "170F-க்கு கார்புரேட்டர் கொடுங்க" என்று கேட்டால் கிடைத்துவிடும். கம்பெனிப் பெயரைச் சொன்னால் கடைக்காரர் முழிப்பார்.

இறக்குமதி இன்ஜின் என்பதற்காக அந்த மிஷினை ஒதுக்க வேண்டாம். என்னைக் கேட்டால், எல்லா ஊரிலும் ஸ்பேர் கிடைக்கிற 170F இன்ஜினும், கோவையில் செய்த கியர்பாக்ஸும் சேர்ந்தது நல்ல ஜோடி. கியர் போனால் வெட்டித் தர ஆள் இருக்கிறது, இன்ஜினில் எது போனாலும் கடையில் தொங்குகிறது. கடைக்காரரிடம் நேராகவே கேளுங்கள்: "இன்ஜின் எந்த ஊரு, கியர்பாக்ஸ் எந்த ஊரு?" பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடை.

புல், புதர் வெட்டும் பிரஷ் கட்டரில் ஏமாற்று வேறு மாதிரி. அதை சிசி கணக்கில் விற்பார்கள்; பிஸ்டன் ஏறி இறங்கும் இடத்தின் கொள்ளளவுதான் சிசி. 63 சிசி என்று ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே 52 சிசி இன்ஜின் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம், ஒரு பச்சை ஈர்க்கு போதும். காய்ந்த ஈர்க்கு உள்ளேயே ஒடிந்துவிடும், கம்பி விட்டால் பிஸ்டனில் கோடு விழும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஈர்க்கை ஓட்டைக்குள் விட்டுப் பிஸ்டன் தலையில் நிறுத்துங்கள். ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்தால் ஈர்க்கு ஏறி இறங்கும். மேலே ஏறி நின்றபோது ஓட்டையின் விளிம்பில் நகத்தால் ஒரு கீறல், கீழே இறங்கி நின்றபோது ஒரு கீறல். இரண்டுக்கும் நடுவே ஸ்கேல் வையுங்கள். நான் பார்த்தது 34 மில்லிமீட்டர். சிலிண்டரில் 1E44F என்று இருந்தது, ஆக போர் 44. சென்டிமீட்டரில் 4.4 பெருக்கல் 4.4 பெருக்கல் 0.785 (வட்டத்தின் பரப்புக்கான எண்) பெருக்கல் 3.4. விடை 51.7. பிளக் ஓட்டை சாய்வாக இருந்தால் ஒன்றிரண்டு சிசி முன்னே பின்னே வரும், பத்து சிசி வராது. கடையிலேயே இதைச் செய்தேன். கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. விலையில் எண்ணூறு ரூபாய் தானாக இறங்கியது, வாங்கி வந்துவிட்டேன். 52 சிசி எனக்குப் போதும். 63-க்கான விலையைத்தான் கொடுக்க மாட்டேன்.

போனால் தனியாகப் போகுமா?

இனி பாகங்கள். நாட்டைப் பார்த்து முடிவு செய்வதை நான் விட்டுவிட்டேன். இந்தப் பாகம் கெட்டால் தனியாகப் போகுமா, கூட இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகுமா என்றுதான் பார்க்கிறேன்.

கார்புரேட்டர் கெட்டால் மிஷின் நிற்கும், அவ்வளவுதான். 650 ரூபாய் இறக்குமதிச் சரக்கை வாங்கி, இரண்டு நட்டைக் கழற்றி அரை மணி நேரத்தில் நானே மாட்டிவிடுவேன். கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டர், ஏர் ஃபில்டர், ஆக்சிலேட்டர் கேபிள், பெட்ரோல் டேப் எல்லாம் இதே ரகம். இவற்றில் மலிவானதையே வாங்குங்கள், முடிந்தால் இரண்டாக.

பேரிங் அப்படியில்லை. என் வீடரில் கத்தி சுற்றும் ஷாஃப்டுக்கு 6205 பேரிங். உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, தடிமன் 15 மில்லிமீட்டர்; எந்த நாட்டுக்காரன் செய்தாலும் அளவு இதுதான். நல்ல பேரிங் 280 ரூபாய் என்றபோது, பெயர் தெரியாத டப்பாவில் 90 ரூபாய்க்கு ஒன்று கிடைத்தது. அளவு ஒன்றுதானே என்று மாட்டினேன். முப்பது மணி நேரம்கூட ஓடவில்லை, உள்ளே குண்டுகளைப் பிரித்து வைக்கும் கேஜ் பிய்ந்து குண்டுகள் ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டன. ஷாஃப்ட் ஆடி ஆயில் சீல் கிழிந்து, ஆயில் வெளியே, சேறு உள்ளே. ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடமே தேய்ந்துபோய், லேத்தில் வெல்டிங் நிரப்பிக் கடைந்து வாங்கினேன். 190 ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் மூவாயிரம் செலவு.

அதிலிருந்து பேரிங், ஆயில் சீல், கியர், ஷாஃப்ட் இவற்றில் பேரமே கிடையாது. 1946-ல் ஜெய்ப்பூரில் தொடங்கிய என்பிசி பேரிங் எங்கள் பக்கம் எல்லா ஊரிலும் கிடைக்கிறது, அதைத்தான் போடுகிறேன். ஆனால் நல்ல பெயர் உள்ள பேரிங்குக்கெல்லாம் போலியும் உண்டு. டீலர் கடையில் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள்.

பிரஷ் கட்டர் பிளேடும் மிச்சம் பிடிக்கக் கூடாத பொருள். உங்கள் காலுக்குப் பக்கத்தில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றுவது அது. மலிவான பிளேடில் ஒட்டிய கார்பைட் பல் கல்லில் பட்டுத் தெறித்தால் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் கத்தியில் கதை தலைகீழ். நான் வாங்கி ஏமாந்த மட்டமான கத்தி அத்தனையும் உள்நாட்டுச் சரக்குதான். வாங்கும் முன் வெட்டும் முனையில் அரத்தை வைத்துத் தேயுங்கள். நல்ல கத்தியில் அரம் கடிக்காமல் வழுக்கும். போல்ட் மாட்டும் காம்புப் பக்கம் அரம் லேசாகக் கடிக்க வேண்டும். அங்கேயும் வழுக்கினால் கல்லில் பட்டதும் ஓட்டை ஓரமாக முறியும்.

கிணற்று மோட்டார் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே உள்ள எண்ணைப் பாருங்கள். போர்வெல் சப்மெர்சிபிளுக்கு 8034, மோனோபிளாக்குக்கு 9079. முத்திரையின் கீழே உள்ள லைசென்ஸ் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும்.

பவர் டில்லரும் மானியமும்

கையால் பிடித்து உழும் பவர் டில்லர் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், உள்நாட்டு மிஷின்தான். 2020 ஜூலையில் மத்திய அரசு பவர் டில்லர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இன்ஜின், கியர்பாக்ஸ் போன்ற பாகங்களும் அதில் சேர்ந்தன. சீன டில்லர் வைத்திருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஒரு கிளட்ச் பிளேட்டுக்காக ஈரோடு, சேலம் என்று அலைந்ததைப் பார்த்தேன். பெங்களூரு விஎஸ்டியோ, கேரள அரசின் காம்கோவோ வாங்கினால் அந்த அலைச்சல் இல்லை.

மானியமும் கணக்கில் வர வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையின் பட்டியலில் உள்ள மிஷினுக்குத்தான் மானியம் கிடைக்கும். சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 வரை, மாடலுக்கு உச்சவரம்பு உண்டு. உழவன் செயலியிலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் மானிய விலை ஒன்று, ரொக்க விலை ஒன்று என்று இரண்டு விலை சொல்லும் கடைகள் உண்டு. ரொக்க விலையை முதலில் கேளுங்கள், மானியப் பேச்சை அப்புறம் எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் விவசாய மிஷின்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பழைய கொட்டேஷனை நீட்டினால் வாங்காதீர்கள்.

எதை வாங்கினாலும், மிஷின் வீட்டுக்கு வந்த அன்றே கியர்பாக்ஸைத் திறக்கச் சொல்லி, பேரிங் நம்பரும் ஆயில் சீல் அளவும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வைகாசிக்குள் ஒரு பேரிங், இரண்டு சீல், ஒரு கேபிள், ஒரு பிளக் வாங்கி ஒரு பையில் போட்டுச் சாளையில் மாட்டிவிடுங்கள். எலி ஏறாத ஆணியாகப் பார்த்து மாட்ட வேண்டும். போன வருசம் என் இரண்டு ஆயில் சீலையும் கடித்து வைத்திருந்தது.