குளோரினை ஆதரிப்பவரை எந்தச் சொல்லால் குறிப்பது?

கடலூர்ப் பகுதியில் வெள்ளம் வடிந்த பிறகு, தெருக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் (நீரில் குளோரினைச் சேர்க்கும் தூள்) போடலாமா, வேண்டாமா என்று குடியிருப்போர் கூட்டம் இரு தரப்பாகப் பிரிந்துவிட்டால், கூட்டக் குறிப்பை எழுதுபவர் போடச் சொன்னவர்களை ஒரு சொல்லால் சுட்ட வேண்டியிருக்கும். அச்சொல்லை அமைக்கும் முறை இது.

முதலில் வேரைப் பாருங்கள். குளோரின் வாயுவை 1774ஆம் ஆண்டிலேயே வேதியியலாளர் ஷீலே தயாரித்துவிட்டார். எனினும் அதை ஆக்சிஜன் அடங்கிய சேர்மம் என்றே பலரும் எண்ணியிருந்தனர். 1810இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி அது தனிமமே என்று கூறி, வெளிர்பச்சையைக் குறிக்கும் ‘குளோரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டார். இலையின் பச்சையத்தைக் குறிக்கும் குளோரோபில்லும் அதே வேரினது. ஆகவே குளோரின் என்ற பெயரில் நிறம் மட்டுமே உண்டு, கிருமிக்கொல்லும் பொருள் இல்லை.

எனவே செயலைத் தனியே சொல்ல வேண்டும். ஆக்சிஜனேற்றம் என்பதைப் போலப் பாடநூல்களில் வழங்கும் ‘குளோரினேற்றம்’ இதற்குப் பொருந்தும். ஏனெனில் கூட்டத்தில் பேசியவர் ஆதரித்தது வாயுவையன்று, அதை நீரில் சேர்ப்பதையே.

அடுத்தது சொல்லின் ஈறு, தவறு நேர்வது பெரும்பாலும் இங்கேதான். ‘குளோரின்வாதி’ என்று எழுதத் தோன்றும். ஆனால் வடமொழியில் பேச்சைக் குறிக்கும் ஒரு சொல்லும் காற்றைக் குறிக்கும் வேறொரு சொல்லும் தமிழில் ‘வாதம்’ என்ற ஒரே வடிவம் பெற்றுவிட்டதால், ‘குளோரின்வாதம்’ என்று கேட்கும் பாட்டி, அது மூட்டைப் பிடிக்கும் புதுநோய் என்று நினைத்தாலும் குறை சொல்ல முடியாது. மேலும், ‘வாதி’ என்பதில் கொள்கைப் பிடிவாதத்தின் சாயலும் ஏறிவிடுகிறது. கிணற்று நீர் சுத்தமாக வேண்டும் என்று மட்டும் சொன்னவருக்கு அது மிகை.

ஆகவே ‘ஆதரவாளர்’ என்பதைச் சேருங்கள். சேர்க்கும்போது முதற்சொல்லின் இறுதி மகர மெய் கெட்டு, ‘குளோரினேற்ற ஆதரவாளர்’ என்றாகும். தனிமனிதரைச் சுட்டாமல் நிலைப்பாட்டைச் சொல்ல ‘குளோரினேற்ற ஆதரவு’ போதும்.

குறிப்பேட்டில் இவ்வாறு எழுதலாம்: ‘குளோரினேற்ற ஆதரவாளர்கள், கலந்த பின் எஞ்சும் குளோரினின் அளவைச் சோதித்த பிறகே நீரை எடுக்க வேண்டும் என்றனர்.’ தெருமுனையில் ஒட்டும் அறிவிப்பாயின், இத்தொடரை விட்டுவிட்டு, ‘கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும் என்போர்’ என்றே எழுதிவிடுங்கள்.