கிராப் கோட்டை ஆதிப்புள்ளிக்கு இழுக்காதீர்கள்

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கத்திலிருந்து புராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் கிராப்போடு வருவார்கள். புள்ளிகள் ஒழுங்காக இருக்கும், கோடும் நேராக இருக்கும், விடை மட்டும் தப்பாக இருக்கும். நாங்கள் படித்த காலத்தில் லேபில் நடந்த அதே தவறுகள்தான்; அன்றைக்கு கிராப் ஷீட்டில், இன்றைக்கு எக்செலில். அச்சுக்குப் பெயர் இல்லை, அலகு இல்லை என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வம்படியாக ஆதிப்புள்ளி வழியே கோடு போடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதற்குத்தான். எக்செலில் டிரெண்ட்லைன் (புள்ளிகளுக்குப் பொருந்தும் கோடு) போடும் இடத்தில், வெட்டுத்துண்டை, அதாவது கோடு நிமிர்ந்த அச்சை வெட்டும் இடத்தை, சுழியாக்க ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் அடித்தால் கோடு ஆதிப்புள்ளியில் போய் உட்கார்ந்துகொள்ளும், பார்க்கவும் அழகாக இருக்கும்.

ஒரு மாணவி பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடாவிலும் தெற்கே மன்னார் வளைகுடாவிலும் கடல்நீர் எடுத்து, எந்தப் பக்கம் பாஸ்பேட் அதிகம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மாலிப்டேட், அஸ்கார்பிக் அமிலம் எல்லாம் சேர்த்தால் நீர் நீலமாகும். அந்த நீலம் எவ்வளவு ஒளியை உட்கவர்கிறது என்பதை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் காட்டும். செறிவு தெரிந்த கரைசல்களை வைத்து முதலில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, கடல்நீரின் ரீடிங்கை அந்தக் கோட்டில் வைத்து செறிவைப் படிக்க வேண்டும். அவர் டிக் அடித்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "பாஸ்பேட் இல்லன்னா ரீடிங்கும் ஜீரோதானே சார்?"

"சரி, பாஸ்பேட்டே இல்லாத தண்ணியை வச்சுப் பாரும்மா" என்றேன். காய்ச்சி வடித்த நீரில் அதே ரசாயனங்களைச் சேர்த்து, கருவியில் வைக்கும் சிறு குப்பியான குவெட்டைத் துடைத்து வைத்தார். ரீடிங் சுழிக்கு வரவில்லை. ரசாயனத்திலேயே கொஞ்சம் நிறம் இருந்தது, அதைக் கழிக்காமலேயே எல்லா ரீடிங்கையும் எடுத்திருந்தார்.

இதனால் எவ்வளவு கெடும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு. லிட்டருக்கு 1, 2, 3, 4, 5 மைக்ரோமோல் கரைசல்களுக்கு ரீடிங் 0.032, 0.054, 0.076, 0.098, 0.120 என்று வைத்துக்கொள்வோம். சாய்வு 0.022, வெட்டுத்துண்டு 0.010. கடல்நீர் 0.021 காட்டினால் உண்மையான செறிவு 0.5. ஆதிப்புள்ளி வழியே இழுத்தால் சாய்வு ஏறக்குறைய 0.0247 ஆகிவிடும், அதே நீருக்கு 0.85 என்று விடை வரும். எழுபது சதவீதம் கூடுதல்! செறிவு குறையக் குறைய இந்தப் பிழை பெருகும், கடல்நீரில் பாஸ்பேட்டோ பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். 0.5-க்கும் 1.0-க்கும் இடையே உள்ள இரு மடங்கு வித்தியாசம் ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிடும். இரண்டு கடலையும் ஒப்பிடத்தான் அந்தப் பெண் படகேறிப் போனார், அந்த ஒப்பீடுதான் முதலில் பாழாகிறது.

தனி ஊசலிலும் இதே கதை. நூலின் நீளத்தைக் குண்டின் மேல்பக்கம் வரை மட்டும் அளந்துவிட்டு, அலைவு காலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்தால், ஆரம் விட்டுப்போனது வெட்டுத்துண்டாக வந்து நிற்கும், சாய்வு கெடாது. ஆதிப்புள்ளிக்கு இழுத்தால்தான் கெடும். 1.2 சென்டிமீட்டர் ஆரம், 20 முதல் 60 சென்டிமீட்டர் வரை பத்துப் பத்தாக ஐந்து நீளங்கள் என்றால் ஈர்ப்பு முடுக்கம் 953 செ.மீ./வினாடி² என்று வரும். ராமநாதபுரக் கரையில் அது ஏறக்குறைய 978. (புத்தகத்தில் இருக்கும் 980.7 வரவில்லையே என்று ரீடிங்கைத் திருத்தாதீர்கள், நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம்.)

ஆகவே கோட்டை அதன் போக்கில் விடுங்கள். எக்செலின் லைன்எஸ்ட் (LINEST) என்ற சார்பு வெட்டுத்துண்டோடு அதன் திட்டப்பிழையையும், அதாவது அந்த எண் எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதன் அளவையும் தரும். ஐந்தே புள்ளிகள் என்றால், வெட்டுத்துண்டு திட்டப்பிழையைப் போல 3.2 மடங்குக்கு மேல் இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று தேடுங்கள். அதற்குள் இருந்தால் சுழியோடு ஒத்துப்போகிறது என்று எழுதுங்கள், அப்போதும் டிக் வேண்டாம்.

ஆர் ஸ்கொயர் 0.99 வந்ததும் கிராப்பை மூடிவிடுவது

கோடு புள்ளிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் எண்தான் ஆர் ஸ்கொயர், 1 வந்தால் முழுப் பொருத்தம். ஆனால் வளைந்த தரவுக்கும் 0.99 வரும். 1973-இல் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு தரவுத் தொகுப்புகளைக் காட்டினார். நான்குக்கும் ஏறக்குறைய அதே கோடு, அதே ஒட்டுறவுக் கெழு, வரைந்து பார்த்தால் ஒன்று வளைவு, இன்னொன்றில் ஒரே ஒரு புள்ளிதான் கோட்டையே தீர்மானிக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைத் தனியாக வரையுங்கள். வளைவு இருந்தால் அதில் உடனே தெரியும்.

எட்டு தசமம் எழுதுவது

ஸ்டாப் வாட்சை அழுத்தியது உங்கள் விரல். குறையுங்கள்.

ஒதுங்கிய புள்ளியை அழிப்பது

காரணம் நோட்டில் இருந்தால் மட்டும்.

நிறைய ரீடிங் எடுத்தால் எல்லாப் பிழையும் போய்விடும் என்று நம்புவது

இரண்டு பக்கமும் சிதறும் ஒழுங்கற்ற பிழைதான் சராசரியில் குறையும், ஒரே பக்கம் சாயும் முறையான பிழை அப்படியே இருக்கும். வாலிநோக்கம் பக்கம் உப்பளப் பாத்திகளில் ஹைட்ரோமீட்டர் (நீரின் அடர்த்தியைக் காட்டும் மிதவை மானி) வைத்துப் பார்க்கும்போது இது நன்றாகப் புரியும். அந்த மானியில் ஏறக்குறைய 25 டிகிரி (வெப்பநிலை அல்ல, அடர்த்தியைக் குறிக்கும் போமே டிகிரி) வந்தால் உப்பு விளையத் தொடங்கும் என்பது கணக்கு. ஆனால் மானி எந்த வெப்பநிலைக்குக் குறிக்கப்பட்டதோ, அதைவிட மதிய வெயிலில் உப்புநீர் நன்றாகச் சூடாக இருக்கும், அடர்த்தி குறைந்து டிகிரியும் குறைவாகவே காட்டும். அதே வெயிலில் நூறு முறை அமிழ்த்தினாலும் நூறும் ஒரே பக்கம்தான் சாயும். கூடவே ஒரு தெர்மாமீட்டரையும் வைத்து, வெப்பநிலைக்கான திருத்தத்தை முதலில் போடுங்கள், அப்புறம் சராசரி எடுக்கலாம்.