காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விடுமுறை நாட்களில் வெளியூர் வண்டிகள் வரிசையாக நிற்கும். இடித்த செட்டிநாட்டு வீடுகளின் தூண், கதவு, பித்தளைத் தவலை, எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, சாமி படம் எல்லாம் கடைசியில் வந்து சேர்கிற தெரு அது. புதிதாக வாங்க வருபவர்கள், நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே காரியங்களை அதே உற்சாகத்தோடு செய்கிறார்கள். பேரம் பேசுங்கள், விரிசல் பாருங்கள், ரசீது கேளுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது கத்தரிக்காய் வாங்கத் தெரிந்தவர்களுக்கே தெரியும்.

வாங்கியதும் பாலிஷ் போடுவது

இதை மட்டும் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். மற்றதில் எல்லாம் பணம் போகும், அவ்வளவுதான். இதில் பொருளே போய்விடுகிறது.

தெரிந்தவர் ஒருவர் இங்கே ஒரு பித்தளைத் தவலை வாங்கினார். குடும்பத்து முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை, ‘மெ. ராம. சித.’ என்பது போல, பாத்திரங்களில் விலாசமாக வெட்டி வைப்பது நகரத்தார் வழக்கம். இந்தத் தவலையின் கழுத்துக்குக் கீழேயும் அப்படி ஒரு விலாசம், புள்ளி புள்ளியாக உளியால் வெட்டியது. உடம்பு முழுக்க ஒரே சீரான கரும்பழுப்பு. விலை கூடத்தான், ஆனாலும் கொடுக்கலாம் என்று நானே சொன்னேன். வீட்டுக்குக் கொண்டு போனதும் “இதென்ன இவ்வளவு அழுக்கு?” என்று கேட்டிருக்கிறார்கள். உடனே பாலிஷ் பட்டறையில் கொடுத்துச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்து வாங்கிவிட்டார். அப்புறம் வீடு மாறும்போது இடமில்லை என்று அதே கடைக்கு விற்கக் கொண்டு வந்தார். கடைக்காரர் விலாசம் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் இரண்டு முறை தடவிப் பார்த்தார். “எடைக்கு வேணா எடுத்துக்கறேண்ணே. இது இப்பப் புதுச் சாமான் மாதிரி ஆயிடுச்சு” என்றார்.

கடைக்காரர் சொன்னது நியாயம்தான். பித்தளையிலும் வெண்கலத்திலும் பல பத்தாண்டுகளாகக் காற்றும் கைப்பட்ட எண்ணெயும் சேர்ந்து உண்டாகிற மேல்தோல்தான் அந்தக் கரும்பழுப்பு. உலோகத்தைக் காப்பதும், வயதுக்குச் சாட்சி சொல்வதும் அதுதான். சக்கரம் தோலோடு உலோகத்தையும் சீவி எடுக்கும். உளி வெட்டுகளின் விளிம்பு மழுங்கிப்போகும். ஆசிட் இன்னும் மோசம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. ஆசிட்டில் துத்தநாகம் கரைந்து, அங்கங்கே இளஞ்சிவப்பாகச் செம்பு எட்டிப்பார்க்கும். அந்தத் திட்டை மறைக்க மறுபடி தேய்ப்பார்கள். மறுபடி கொஞ்சம் உலோகம் போகும்.

வீட்டில் புழங்குகிற குத்துவிளக்கை வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்குவது வேறு. அதன் தோற்றமே அப்படித் துலக்கித் துலக்கி வந்ததுதான். பரணில் கிடந்த தவலைக்கு அந்த வைத்தியம் வேண்டாம். உலர்ந்த பருத்தித் துணி, மென்மையான பிரஷ் போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் துடைத்து உடனே ஈரம் போக உலர்த்துங்கள். வெண்கலத்தில் வெளிர்பச்சைத் தூள் தட்டத் தட்டத் திரும்பி வந்தால் அது அழுக்கு இல்லை, குளோரைடு அரிப்பு. ஈரம் படாமல் வைத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

எரிச்சல் என்னவென்றால், வாங்க வருபவர்கள் கேட்டுக் கேட்டே இப்போது சில கடைகளில் பாலிஷ் போட்டே வைக்கிறார்கள். பில் போடும்போது “பாலிஷ் போட்டுத் தரட்டுமா சார்?” என்று பையன் கேட்பான். வேண்டாம் என்று சொல்லுங்கள். சமைக்கத்தான் பாத்திரம் வேண்டுமென்றால், மினுக்கிய சாமானாகவே பார்த்து வாங்கி, காரீயம் கலக்காத வெள்ளீயம் பூசிக்கொள்ளுங்கள்.

ஈரத்துணி, கத்தரிக்கோல்

படங்களுக்கும் இதே கதி. தஞ்சாவூர்ப் படத்தில் தங்க ரேக்குக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புப் பொடியும் பசையும். ஈரத்துணி பட்டால் ஊறி உப்பி உதிரும்.

ரவிவர்மா அச்சுப் படங்களில் வேறு ஒரு கொடுமை. அவர் 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் பிறகு லோணாவ்ளா பக்கம் மளவ்லிக்குப் போனது. அதே லட்சுமி, சரஸ்வதியைப் பிற்காலத்தில் எத்தனையோ பேர் அச்சடித்தார்கள். எது எந்த அச்சு என்று சொல்ல ஒரு வழி, படத்தின் அடி ஓரத்தில் இருக்கிற அச்சகத்தின் பெயர். பிரேம் போடுகிறவர் அளவு சரியாக வரவில்லை என்று முதலில் நறுக்குவது அந்த ஓரத்தைத்தான். சாமிக்குச் சரிகையும் ஜிகினாவும் ஒட்டியிருந்தால் அதையும் குப்பை என்று பிய்த்துவிடுவார். ஒட்டியது அந்த வீட்டுக்காரர்கள் கை. பக்கத்தில் நின்று பிரேம் போட்டு வாங்குங்கள்.

தந்தம்

தொடாதீர்கள். வியாபாரமே சட்டவிரோதம்.

காகிதம் இல்லாத சாமி சிலை

100 வருஷம் தாண்டிய சிலை, ஓவியம் போன்றவை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். விற்பவருக்கு உரிமம் வேண்டும், சிலையைப் பதிவு செய்திருக்க வேண்டும், தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. ஓலைச்சுவடி மாதிரியான கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 வருஷமே போதும். சிங்கப்பூர் சித்தப்பா ஆசைப்பட்டார் என்று பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். வயது குறைந்த பொருள்தான் என்றால், இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்க வழியிருக்கிறது.

“எங்க ஐயா காலத்துச் சிலை” என்கிற கதையை நம்புவது உங்கள் இஷ்டம். ஸ்ரீபுரந்தான் கோவிலில் திருடுபோன நடராஜர் சிலையை 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கிய ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடமும் கதையை நம்பித்தான் வாங்கியது. 2014-ல் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

“நூத்தம்பது வருஷம் சார்”

எனாமல் சாமானைக் கவிழ்த்துப் பாருங்கள். செக்கோஸ்லோவாக்கியா என்று முத்திரை இருந்தால் 1918-க்கு முன்னால் செய்திருக்க வாய்ப்பே இல்லை. அப்படி ஒரு நாடு அதற்கு முன் கிடையாது. ‘ஆக்கிரமிப்பு ஜப்பான்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால், இரண்டாம் உலகப் போர் முடிந்து 1952 வரைக்குள் வந்த சரக்கு. முத்திரையைக் காட்டினால் விலை பேச்சு கொஞ்சம் இறங்கி வரும். பழைய எனாமலின் நிறப்பூச்சில் ஈயமும் காட்மியமும் இருக்கலாம். புளிக்குழம்பு ஊற்றி வைக்காதீர்கள்.

கதவை மட்டும் வாங்குவது

பழைய கதவுக்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கிற குடுமிதான் நிலையில் உள்ள குழியில் உட்கார்ந்து சுழலும். நிலையை விட்டுக் கதவை மட்டும் வாங்கிப் போனால், ஊரில் ஆசாரி குடுமியை அறுத்துவிட்டு இரும்புக் கீல் அடிப்பார். அந்தக் கனத்துக்குக் கீல் தாங்காது, நாளடைவில் கதவு தொங்கும். கடைக்காரரிடம் நிலை எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் பின்கட்டில் வேறொரு கதவோடு சாய்ந்து கிடக்கும். வாங்குமுன் உங்கள் வாசலின் உயரத்தை அளந்துகொண்டு வாருங்கள். செட்டிநாட்டு உள்கதவுகள் பல குனிந்து நுழைகிற உயரம்தான். கதவின் மேல் கண்ணாடி போட்டு மேசையாக்கப் போகிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். செய்யுங்கள், ஆனால் குடுமியை அறுக்காதீர்கள்.