நடவுப்பாட்டைப் பதிவு செய்யப் போகிறீர்களா? கையில் ஒரு நாற்றுமுடி கொடுங்கள்

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். நாற்று நடும்போது பெண்கள் பாடும் நடவுப்பாட்டு எனக்கு அப்பாயி (அப்பாவின் அம்மா) வழியாக வந்தது. இப்போது பாதி வயலில் மெஷின் நடவு, மீதியில் நேரடி விதைப்பு. பாடத் தெரிந்தவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் இந்தக் குறுவை நெல் பருவத்திலேயே போய்ப் பாருங்கள்.

"ஒரு பாட்டு பாடுங்க" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். "எல்லாம் மறந்துபோச்சு தாயி" என்று சொல்லிவிடுவார்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள். யார் வயலில் நட்டீங்க, முதல் நாற்றுமுடியை (நாற்றுக்கட்டை) பிரிச்சதும் எந்தச் சாமியைக் கூப்பிடுவீங்க, வெயில் ஏறினதும் என்ன பாடுவீங்க? பேசிக்கொண்டே இருக்கும்போது பாட்டு தானாக வந்துவிடும்.

நாற்காலியில் உட்கார்ந்து பாடினால் ராகம் நீண்டுவிடும். நடவில் இடுப்பை வளைத்துக் குனிந்திருப்பதால் மூச்சு சீக்கிரம் தீரும். அதனால்தான் அடிகள் சின்னச் சின்னதாக இருக்கின்றன. கட்டைவிரலும் பக்கத்து விரல்களும் நாற்றைச் சேற்றில் ஊன்றும் இடத்தில் தாளம் விழுகிறது. கையில் ஒரு முடி இருந்தாலே போதும், வேகம் சரியாகிவிடும். கூடவே இரண்டு மூன்று பெண்களையும் கூப்பிடுங்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதுதான் இந்தப் பாட்டு. தனியாகப் பாடச் சொன்னால் பாதி அடி வராது, குலவையும் வராது.

போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஃபேனை நிறுத்திவிடுங்கள். முதலில் அவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்பதை அவர் குரலிலேயே வாங்குங்கள்.

கூலி குறைத்து அளந்த பண்ணையைத் திட்டும் அடிகளை வெளியாள் முன்னால் விழுங்கிவிடுவார்கள். வற்புறுத்தாதீர்கள். பழகிய பிறகு பாடினால், வெளியிடலாமா என்று தனியாகக் கேளுங்கள். அந்தப் பண்ணைக் குடும்பம் இன்னும் அதே தெருவில்தான் இருக்கும். ஒப்பாரியும் பதிவு செய்வதானால் அதை வீட்டுக்குள் பாடச் சொல்லாதீர்கள், கொல்லைப் பக்கமோ தோப்போதான் சரி.

எழுதும்போது வாயில் வந்தபடி "நாத்து" என்றே எழுதுங்கள். திருத்தினால் எதுகை உடையும்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்பினால் ஒலி கெடாது. முதல் பிரதி பாடியவர் வீட்டுக்கு. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வரிசையாக நிறுத்தி, நடவில் போவதுபோல் பின்னாலேயே நகரவிட்டுப் பாடவையுங்கள். எடுத்துக் கொடுப்பவரை முறை வைத்து மாற்றுங்கள். கூச்சப்படும் பிள்ளைக்கு முதல் நாளே அந்த முறை வேண்டாம்.